'ஸ்பான்' என்றால் எது? செட்டிநாட்டில் மீன் வளர்க்க வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பண்ணைக்குட்டை வெட்டிய முதல் வருடம் ஒரு மீன் பண்ணைக்குப் போன் போட்டு, "கட்லாவும் ரோகுவும் கலந்து ஒரு லட்சம் குஞ்சு வேணும்ணே" என்றேன். "ஸ்பானா தம்பி?" என்று கேட்டார்கள். ஸ்பான் என்றால் குஞ்சுதானே என்று நினைத்து ஆமாம் என்றேன். விலையும் நான் பயந்ததைவிட ரொம்பக் குறைவு. மறுநாள் காற்றடைத்த நான்கு பாலிதீன் பைகள் வந்து இறங்கின. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. கண்ணைக் கிட்டே கொண்டுபோன பிறகுதான் கண் இமை மயிர் அளவில், ஆளுக்கு இரண்டு கருப்புப் புள்ளிகளோடு, ஆயிரக்கணக்கில் துடிப்பது தெரிந்தது. அப்படியே குட்டையில் கொட்டினேன். இரண்டு மாதம் கழித்து வலை இழுத்தால் தவளை, தண்ணீர்ப் பூச்சி, பதினெட்டு மீன்.

பண்ணைக்காரர் மேல் தப்பே இல்லை. கேட்டதைத்தான் கொடுத்தார். நான் கேட்க நினைத்தது விரல் நீளம் வளர்ந்த விரலி, வாயால் கேட்டது ஸ்பான். வெளியூர் வேலையை விட்டுவிட்டுக் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் பூர்வீக நிலத்தில் குட்டை வெட்டுகிறவர்களும், முதல் முறையாகக் கண்மாய் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுக்கிறவர்களும் இப்போது நிறையப் பேர். அவர்கள் இந்த ஒரு சொல்லில் பணத்தையும் ஒரு வருடத்தையும் இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஸ்பான் என்ற ஒரே ஆங்கிலச் சொல் மூன்று வேலை பார்க்கிறது. மீன், தவளை, சிப்பி போன்ற உயிர்கள் முட்டையைத் தண்ணீரில் விடுகிற செயல் ஸ்பான். அப்படி விட்ட முட்டைத் திரளும் ஸ்பான். நம் நாட்டு மீன் பண்ணைகளில், முட்டை பொரித்து மூன்று நாள் ஆன குஞ்சும் ஸ்பான். கூட்டத்தில் ஒருவர் ஸ்பான் என்றால் இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. வயிற்றுக்குள் இருக்கும்வரை அது சினை. செட்டிநாட்டு அடுப்படியில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. "ஆச்சி, இது சினையா இருக்கு, எடுத்துக்கங்க" என்று மீன்காரம்மா மீன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சினை மீன், சினை நண்டு, சினை வறுவல் எல்லாம் அந்தச் சினைதான். அது தண்ணீருக்கு வந்துவிட்டால் முட்டை. அப்படி விடுகிற செயலைக் கண்மாய்க்காரர்கள் 'சினை விடுறது' என்பார்கள், புத்தகத்தில் 'முட்டையிடுதல்' என்றிருக்கும். பொரித்து வந்ததற்கு மீன்வளத் துறைக்காரர்கள் அளவு பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை நுண்மீன் குஞ்சு, இதுதான் பண்ணைக்காரர் வாயில் ஸ்பான். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆனால் இளமீன் குஞ்சு. விரல் நீளம் வந்ததும் விரலி.

'சினை' என்ற சொல்லை எங்கே போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். மாடு சினையாக இருக்கிறது என்றால் வயிற்றில் கன்று இருக்கிறது என்று பொருள். மீன் சினையாக இருக்கிறது என்றால் வயிற்றில் முட்டை இருக்கிறது, அவ்வளவுதான், அது இன்னும் கருவாகவில்லை. மீன் சினை விடும், மாடு கன்று போடும். கோழி முட்டையிடுவதற்கு ஸ்பான் என்று யாரும் சொல்வதில்லை. ஓட்டுக்குள் வைத்து, கரையில் இடுகிற முட்டை வேறு கணக்கு.

பெண்களுக்கு மாதம் ஒருமுறை கருமுட்டை வெளிப்படுவதை ஸ்கேன் சென்டரில் 'முட்டை வெடிச்சிருச்சு' என்கிறார்கள். அந்த முட்டை சூலகத்தை விட்டு வருகிறதே தவிர உடம்பை விட்டு வெளியே வருவதில்லை. ஆகவே அது ஸ்பான் ஆகாது. மீனுக்கு இந்த இரண்டும் உண்டு. முதலில் முட்டை சினைப்பைக்குள்ளேயே முற்றி உதிரும், பிறகு தண்ணீருக்கு வரும். இதன் அருமை பண்ணையில் ஊசி போடும் இடத்தில் தெரியும், கீழே சொல்கிறேன்.

இன்னொன்று. விதைக் கடையில் 'ஸ்பான் கிடைக்கும்' என்ற போர்டைப் பார்த்து உள்ளே போகாதீர்கள். அங்கே காளான் வித்து இருக்கும். வேகவைத்த சோளத்தில் பூஞ்சை படரவிட்டதற்கும் அதே ஆங்கிலப் பெயர்தான்.

சினையைக் கையால் அறிவது

வலையில் வந்த மீனில் சினை எது என்று பார்க்கப் பழகுங்கள். கெண்டை வகையில் பெண் மீனின் வயிறு இரண்டு பக்கமும் உருண்டு, தொட்டால் பஞ்சு போல இருக்கும். அடித்துளை கொஞ்சம் வீங்கிச் சிவந்திருக்கும். ஆணின் வயிறு தட்டையாக இருக்கும். பருவத்தில் அடிவயிற்றை மெதுவாக நீவினால் பால் மாதிரி வெள்ளையாக வரும், அதன் பெயரே பால்தான்.

நான் நம்புவது இன்னொரு அடையாளத்தை. பருவம் வந்த ஆண் ரோகுவின் செவுளை ஒட்டிய தோள் துடுப்பின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். பெண்ணுக்கு வழவழப்பாக இருக்கும். இருட்டில்கூடத் தெரியும். ஈரக்கையோடு தொடுங்கள், காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். பார்த்ததும் தண்ணீரில் விட்டுவிடுங்கள். சினை மீனை அழுத்திப் பார்ப்பது, ஆளுக்கு ஆள் கைமாற்றுவது கூடவே கூடாது.

எந்த மீன் எங்கே முட்டை விடும்

புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இது. "கட்லா ஜோடி நாலு விட்டா அதுவே பெருகிக்கும்" என்று யாராவது சொல்வார்கள். பெருகாது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். மழை வெள்ளத்தில் ஆறு பெருகி ஓடும்போது, கரை வழிந்த ஆழமில்லாத இடத்தில் முட்டை விடுவது அவற்றின் இயல்பு. குட்டையில் சினை பிடிக்கும், வயிறு பெருக்கும், ஆனால் தேங்கிய தண்ணீரில் விடாது. கடைசியில் அந்தச் சினை உடம்புக்குள்ளேயே கரைந்து போகும்.

சாதா கெண்டைக்கு ஓட்டம் வேண்டாம். குட்டையிலேயே விடும். அதன் முட்டை ஒட்டும் தன்மை உள்ளது. வேலம்பாசி என்ற நீர்ச்செடியைக் கொத்தாகக் கட்டிப் போட்டால் விடியற்காலையில் பாசி முழுக்கக் கடுகு ஒட்டியது மாதிரி முட்டை இருக்கும். அந்தப் பாசியை எடுத்து வேறு தொட்டியில் வைத்துவிட வேண்டும், தாய் மீனே தின்றுவிடும்.

ஜிலேபியைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன், இன்று அது இல்லாத கண்மாயைக் காண்பது கடினம். நம் கண்மாயில் உள்ள ஜிலேபியில் ஆண் தரையில் குழி பறிக்கும், பெண் அதில் முட்டை விட்டு, உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். பொரிந்து குஞ்சு நீந்தும்வரை வாய்க்குள்தான். அதனால் எதிரிக்கு அகப்படுவது குறைவு. சில வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சினை பிடிக்கும். குட்டையில் இரண்டு ஜிலேபி நுழைந்தால் அடுத்த கோடையில் உள்ளங்கை அளவு மீன் ஆயிரம் இருக்கும், விற்கிற அளவில் ஒன்றும் இருக்காது. தண்ணீர் விடும் குழாய் வாயில் கொசுவலை கட்டுவதை மறக்க வேண்டாம்.

விரால் வேறு சாதி. செடி கொடி அடர்ந்த ஓரத்தில் கொஞ்சம் இடத்தைச் சுத்தம் செய்து முட்டை விடும். முட்டை மிதக்கும். பொரித்த குஞ்சுகள் ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு பந்து போலத் திரண்டு, மூச்செடுக்க ஒன்றாக மேலே வந்து ஒன்றாக இறங்கும். குளத்தில் மழைத்துளி விழுந்த மாதிரி ஒரே இடத்தில் மட்டும் தண்ணீர் சிலிர்த்தால் அங்கே பாருங்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் காவலைப் பயன்படுத்தித் தூண்டில் போட்டால் பெரிய விரால் கட்டாயம் அடிக்கும். ஆனால் அந்த மீனை எடுத்த கையோடு குஞ்சுப் பந்தை மற்ற மீன் எல்லாம் சேர்ந்து தின்றுவிடும். தயவுசெய்து அந்தச் சமயத்தில் தூண்டில் போடாதீர்கள்.

இனி ஏத்து மீன். ஐப்பசியில் நல்ல மழை பெய்து வரத்துக்கால் செம்மண் நிறத்தில் ஓடி, கண்மாயின் உபரி நீர் வழியும் கலுங்கில் தண்ணீர் விழத் தொடங்கிய இரவில், கெண்டைப்பொடி, கெளுத்தி, அயிரை எல்லாம் ஓட்டத்தை எதிர்த்து ஏறும். டார்ச் அடித்தால் கலுங்குக் கல்லில் வெள்ளி வெள்ளியாகத் துள்ளுவது தெரியும். அவற்றில் பாதி சினை மீன். மேலே வெள்ளம் பரவிய வயலிலும் புல்லிலும் முட்டை விடப் போகின்றன. எங்கள் கண்மாயில் பல வருடம் காவல் இருந்த பெரியவர் ஒருவர், கலுங்கில் வலையோடு நின்ற என்னிடம், "தம்பி, இன்னிக்கு நீ அள்ளுறது பங்குனி மீனு. ரெண்டு நாள் பொறுத்துக்க" என்றார். வலையைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். மாசி, பங்குனியில் ஊரே இறங்கி ஊத்தாக் கூடையோடு, தண்ணீர் வற்றிய அழிகண்மாயில் மீன் பிடிக்கும்போது, கூடையில் விழும் நாட்டு மீன் அந்த இரவு ஏறிப் போனவற்றின் வாரிசுதான். அந்தப் பெரியவர் சொன்னபடி முதல் வெள்ளத்தில் கலுங்கை அடைத்து வலை கட்டுவதை விட்டுவிடுங்கள். ஏலம் எடுத்தவருக்கும் அதுதான் லாபம்.

பண்ணையில் ஓர் இரவு

ஆற்று மீன் குட்டையில் முட்டை விடாது என்றால் இத்தனை கோடிக் குஞ்சு எங்கிருந்து வருகிறது? 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் விஞ்ஞானி ஹிராலால் சௌதுரி, மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு, ஆற்றுக் கெண்டை வகை மீனைக் குட்டையிலேயே முட்டை விட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதுவரை வெள்ளம் வந்த ஆற்றில் குஞ்சைப் பிடித்து வந்துதான் குளத்தில் விட வேண்டியிருந்தது, அதில் எது கட்லா, எது வேண்டாத மீன் என்று பிரிக்கவே முடியாது.

இப்போது பெரும்பாலும் ஓவாப்ரிம் போன்ற ஆயத்த மருந்து. முடிந்தால் ஆடி மாதம் ஏதாவது ஒரு பண்ணையில் அனுமதி கேட்டு ஓர் இரவு தங்கிப் பாருங்கள். பொழுது சாயும்போது ஒரு பெண் மீனுக்கு இரண்டு ஆண் என்று பிரித்து, வால் பக்கத்துச் சதையில் ஊசி போட்டு, வட்டத் தொட்டியில் விடுவார்கள். தொட்டியில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும், மீனுக்கு அது ஆற்று வெள்ளம். மருந்து உள்ளே போய் முதலில் சினைப்பைக்குள் முட்டையை உதிர வைக்கிறது. அதன் பிறகுதான் மீன் வெளியே விடும். இதற்கு இடையில் பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுத் தொட்டியைக் கலக்கினால் மீன் மிரண்டு விடாமலே இருந்துவிடும். விடியும் முன்னே ஆண்கள் துரத்தும், வால் அடிக்கும் சத்தம் கேட்கும், தண்ணீரில் நுரை கட்டும்.

விட்ட முட்டை தண்ணீரை உறிஞ்சி ஊதும். கையில் அள்ளிப் பார்த்தால் வெந்த ஜவ்வரிசியேதான். கண்ணாடி போல இருப்பது கருவானது. பால் வெள்ளையாக மாறியது கெட்டது. 28 டிகிரி அளவு சூட்டில் 14 முதல் 18 மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். பொரித்த குஞ்சுக்கு மூன்று நாள் வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருவே சாப்பாடு. அது தீர்ந்து வாய் திறக்கும் நாளில்தான் நமக்கு ஸ்பான் என்று விற்கிறார்கள். அதற்கு முன்னால் கொடுத்தால் வாங்காதீர்கள்.

போனில் என்ன கேட்க வேண்டும்

குஞ்சு என்று மட்டும் சொல்லாதீர்கள். "நுண்குஞ்சா, இளங்குஞ்சா, விரலியா? எத்தனை இஞ்ச்? பொரிச்சு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். முதல் வருடக்காரர்களுக்கு என் அபிப்பிராயம் ஒன்றுதான்: விரலி வாங்குங்கள். விலை கூட இருந்தாலும் உயிர் தங்கும். நுண்குஞ்சை இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம். மலிவாக வருகிறதே என்று ஆப்பிரிக்கக் கெளுத்தி பக்கம் போகவே போகாதீர்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து அது தடை செய்யப்பட்ட மீன். வெள்ளத்தில் தப்பிக் கண்மாய்க்குள் போனால் நாட்டு மீனின் முட்டையையும் குஞ்சையும் ஒன்று விடாமல் தின்னும்.

நுண்குஞ்சுதான் வளர்ப்பேன் என்பவர்களுக்கு

நான் தோற்ற இடம் இது என்பதால் விவரமாகச் சொல்கிறேன். நாற்றங்கால் இல்லாமல் நெல் நடுவதில்லை, அதே போலத்தான். ஐந்து, பத்து சென்டில் தனியாக நாற்றங்கால் குட்டை வேண்டும், மார்பளவுக்கு மேல் ஆழம் வேண்டாம். முதலில் தண்ணீரை வற்றவிட்டுத் தரை வெடிக்கக் காயப் போடுங்கள். பழைய மீன், தவளை முட்டை எல்லாம் இதிலேயே போய்விடும். சென்டுக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு, சில நாள் கழித்து 20 முதல் 40 கிலோ சாணம், பிறகு போர் தண்ணீர். இரண்டு வாரத்தில் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாக மாறும். கையை முழங்கைவரை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கித் தெரிந்தால் குஞ்சுக்குத் தேவையான நுண்ணுயிர்கள் வந்துவிட்டன.

அதே தண்ணீரில் பூச்சியும் வந்திருக்கும், என் ஒரு லட்சம் குஞ்சைத் தின்றவை இவைதான். மல்லாந்து துடுப்புப் போடும் சிறு பூச்சி ஒன்று, குஞ்சைக் கட்டிப் பிடித்து உறிஞ்சுவதைக் கண்ணாடித் தம்ளரில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அது மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். குஞ்சு விடுவதற்கு முந்தைய நாள், காற்று அடங்கிய நேரத்தில், சென்டுக்கு 225 கிராம் மலிவான சமையல் எண்ணெயும் 75 கிராம் துணி சோப்பும் வெந்நீரில் கரைத்து மேலாகத் தெளியுங்கள். எண்ணெய் ஏடு மேலே படர்ந்து பூச்சிக்கு மூச்சு அடைபடும். மறுநாள் ஓரத்தில் ஒதுங்கியதை வலையால் அள்ளிவிடலாம்.

பை வந்ததும் அவிழ்க்காமல் அரைமணி நேரம் குட்டையில் மிதக்கவிடுங்கள். பிறகு அவிழ்த்து, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, பையைச் சாய்த்தால் குஞ்சு தானாகவே வெளியே நீந்தும். சென்டுக்கு 12,000 முதல் 20,000 வரை போதும். கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சரிபாதி, மாவாகச் சலித்து, ஒரு லட்சம் குஞ்சுக்கு முதல் ஐந்து நாள் தினம் 600 கிராம், பிறகு அதைப்போல இரண்டு பங்கு. பதினைந்து, இருபது நாளில் இளங்குஞ்சு ஆகிவிடும். எல்லாம் சரியாகச் செய்தும் நூற்றுக்கு முப்பது, நாற்பது தங்கினால் நல்ல பலன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இளங்குஞ்சானதும் பெரிய குட்டைக்கு மாற்றி இடம் கொடுங்கள், நெருக்கத்தில் விரலியாக வளராது.

நம் ஊர் மாதக் கணக்கு

பண்ணைகளில் கட்லா, ரோகு நுண்குஞ்சு தாராளமாகக் கிடைப்பது ஆனி முதல் ஆவணி வரை. நம் கண்மாய் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகை. இந்த இடைவெளியைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு இது வரமாகத்தான் படுகிறது. ஆடியில் நுண்குஞ்சு எடுத்துப் போர் தண்ணீரில் வளர்த்தால், மூன்று மாதத்தில் கண்மாய் நிரம்பும்போது கையில் விரலி இருக்கும். அந்த நேரத்தில் எல்லோரும் விரலி தேடி அலைவார்கள்.

ஊருணியில் மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். செம்பூரான் கல் படி இறக்கி நம் முன்னோர் வெட்டிய குடிநீர் ஊருணியில் காலை நனைப்பதே தப்பு என்று வளர்ந்த ஊர் இது. அங்கே சாணமும் பிண்ணாக்கும் போடும் பேச்சே வேண்டாம். குளிக்கிற ஊருணியானாலும் ஊர்க்கூட்டத்தில் கேட்டு, தீனி போடாமல் கொஞ்சம் விரலி விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விரலியைக் கண்மாய்க்கு மாற்றும் முந்தைய நாள் தீனி போட வேண்டாம். வயிறு காலியாக இருந்தால் வழியில் தண்ணீர் கெடாது. முதல் வெள்ளத்தின் வேகம் அடங்கி, கலுங்கில் விழுவது நின்ற பிறகு விடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் விரலி மறுகால் வழியே அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போய்விடும். வெயில் ஏறும் முன் விட்டு முடிக்க வேண்டும் என்றால் விடியற்காலை நான்கு மணிக்கே வலையை இழுக்கத் தொடங்குங்கள்.